முடிச்சு அவிழும் காட்சியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கல்யாணமாகி நான் வந்த வீட்டில் இரண்டு தலைமுறையாகச் சுங்குடிச் சேலைத் தொழில். அத்தையும் தெருவில் உள்ள நான்கைந்து பெண்களும் முடிச்சுப் போடுவார்கள், மாமா சாயம் போடுவார். சாயம் காய்ந்ததும் நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்போம். முடிச்செல்லாம் படபடவென்று அவிழும். வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே ஓடிவருவார்கள். கடைக்காரர்கள் எடுப்பது குறைந்துவிட்டதால் போன வருடம் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கினேன். டிரெண்டிங் பாட்டுப் போட்டுத் தினமும் ஒரு ரீல் போடுகிறேன். 200, 300 பேருக்கு மேல் பார்ப்பதில்லை. ஒருமுறை என் தம்பி சேலையைக் கட்டிக்கொண்டு ஆடிய வீடியோ 2 லட்சத்தைத் தாண்டியது. அதனால் ஒரு சேலைகூட விற்கவில்லை. அதற்குப் பின் போட்ட ரீல்கள் முன்பைவிட மோசமாகப் போகின்றன. நான் முகம் காட்டிப் பேசுவதை வீட்டில் விரும்பவில்லை. ரிங் லைட் வாங்கலாமா? மாதம் 8,000 ரூபாய் கொடுத்தால் 10,000 ஃபாலோயர்களைக் கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

— ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய ரீல்களை எல்லாம் பார்த்தேன். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் முடிச்சு படபடவென்று அவிழும் என்று, அந்தக் காட்சியை உங்கள் பக்கத்தில் தேடினேன். ஓர் இடத்தில்கூட இல்லை. பிள்ளைகள் ஓடிவந்து பார்க்கும் ஒன்றை விட்டுவிட்டு, மடித்து வைத்த சேலையையே தினமும் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுடைய மற்ற கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஒரு சிறு வீடியோவை யாரோ ஒருவர் ஏன் நின்று பார்க்கிறார்? 'இது என்ன, அடுத்து என்ன ஆகும்' என்று அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தால் நிற்பார். விடை கிடைக்கும் வரை இருப்பார். உங்கள் ரீல்களில் முதல் நான்கு நொடி பக்கத்தின் பெயர் சுழன்று வருகிறது. பிறகு மடித்த சேலை, அடுத்த மடித்த சேலை, அதற்கடுத்தது. முதல் நொடியில் இருந்த நிலைமைக்கும் கடைசி நொடிக்கும் இடையே எதுவும் மாறவில்லை. பாட்டு எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் அந்த வெறுமையை மூட முடியாது. சேலை அழகாக இல்லாததால் யாரும் தள்ளிவிட்டுப் போகவில்லை. அந்த அழகு எப்படி வந்தது என்று காட்டாததால் போகிறார்கள்.

சுங்குடியில் அந்த மாற்றம் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. முடிச்சோடு இருக்கும் துணி சுருங்கி, மேடு பள்ளமாக, என்னவென்றே தெரியாத பொருளாக இருக்கும். அதை இழுத்ததும் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வெளிவருகின்றன. கேள்வி, விடை இரண்டும் ஒரே துணியில். இந்த வசதி பலகாரம் விற்பவருக்கோ கவரிங் நகை விற்பவருக்கோ இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

ஒரு வீடியோவை எழுத்திலேயே எடுத்துக் காட்டுகிறேன். தொடக்கத்தில் வணக்கம் வேண்டாம், பக்கத்தின் பெயரும் வேண்டாம். முடிச்சு நிறைந்த துணி அத்தையின் உள்ளங்கையில், மிக நெருக்கமாக. அத்தையின் குரல்: "இது கசங்கின துணி இல்ல. ஒவ்வொண்ணும் கையால போட்ட முடிச்சு." மூன்று நொடி. அடுத்து, துணியை நகத்தால் கிள்ளி நூல் சுற்றும் விரல்கள், ஐந்து நொடி. "இந்த ஒரு சேலைக்கு இத்தனை முடிச்சு" என்று அத்தை எண்ணிக்கையைச் சொல்லட்டும். அந்த எண்ணை நீங்கள் உண்மையிலேயே எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு வரிசையை எண்ணிப் பெருக்கினால் போதும், ஆனால் காற்றில் ஓர் எண்ணை வீசாதீர்கள். பிறகு சாயத்தில் துணி முங்குவது, மூன்று நொடி, பேச்சு இல்லாமல் தண்ணீர்ச் சத்தம் மட்டும். அப்புறம் இரண்டு பேரும் இழுப்பது, ஆறு நொடி. கடைசியாக ஜன்னல் வெளிச்சத்தில் விரிந்த சேலை, நான்கு நொடி. திரையில் விலையும் ஊரும். மொத்தம் 20 நொடி சொச்சம்.

இதில் அந்த ஆறு நொடியை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். வேகமாக இருக்க வேண்டும் என்று அரை நொடிக்கு ஒருமுறை வெட்டும் பழக்கம் எடிட் செய்பவர்களிடம் பரவியிருக்கிறது. பேச்சு வீடியோவுக்கு அது சில நேரம் பொருந்தும். கைவேலைக்குப் பொருந்தாது. கை ஒரு வேலையை முழுதாகச் செய்து முடிப்பதைப் பார்ப்பதில் மனிதர்களுக்கு ஆழமான திருப்தி இருக்கிறது. வெட்டினால் அது போய்விடும். அந்த இடத்தில் பாட்டும் வேண்டாம். முடிச்சு அவிழும் சத்தமே போதும்.

முடிவைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று உங்களிடம் சிலர் சொல்லக்கூடும். சமையல் வீடியோவில் அது வேலை செய்யும், தட்டில் இருப்பதைப் பார்த்ததும் செய்முறை தெரிந்துகொள்ளத் தோன்றும். புள்ளிபோட்ட சேலையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். முடிச்சு நிறைந்த துணியைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் அதையே முன்னால் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு விதமாகவும் வெட்டி, சில வார இடைவெளியில் போட்டுப் பாருங்கள். ஃபாலோயர் அல்லாதவர்களுக்கு மட்டும் முதலில் காட்டிப் பார்க்கும் சோதனை ரீல் வசதியை இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் கொண்டுவந்தது. உங்கள் கணக்கில் அது வந்திருந்தால் இதற்குத்தான் பயன்படும். 'கடைசி வரை பாருங்க, அதிர்ச்சி ஆயிடுவீங்க' என்ற மாதிரி எழுதாதீர்கள். சேலை வாங்குபவர் உங்களை நம்பிப் பணம் அனுப்பப் போகிறவர். முதல் வரியிலேயே ஏமாற்றப்பட்டதாக அவருக்குத் தோன்றக் கூடாது.

ரிங் லைட் வேண்டாம். துணிக்கு அது நல்லதே இல்லை. நேர் எதிரே இருந்து விழும் வெளிச்சம் நூலின் மேடு பள்ளத்தை அழித்துத் துணியைத் தட்டையாகக் காட்டும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். வெயில் நேராக விழாத காலை நேரம் போதும். எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் நிழல் மென்மையாகிவிடும். அறையில் இருக்கும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள்: ஒன்று, ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் நிறம் குழம்பும். இன்னொன்று, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போன் பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேம் எடுக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் வீடியோவில் கோடு கோடாக மினுக்கம் வரும். இரவில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் 25 பிரேமில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இணையத்தில் சேலை விற்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகாரே 'படத்துல பார்த்த கலர் இது இல்ல' என்பதுதான். போன் கேமரா ஒவ்வொரு ஷாட்டிலும் தானாக நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அரக்கு நிறத்தைக் கொடுத்தால் ரத்தச் சிவப்பாக்கிவிடும். திரையில் சேலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். அடர் சாயங்கள் அப்போதுதான் உண்மைக்குக் கிட்டே வரும். வெளிச்சத்தையும் நிழலையும் தானாகச் சமன்செய்யும் எச்டிஆர் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபில்டர் எதுவும் போடக் கூடாது. எல்லாம் முடிந்ததும் சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையைப் பாருங்கள், முடிந்தால் வேறொரு போனிலும் பாருங்கள். மாமாவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாயம் போட்டவர் கண்ணை எந்தப் போனும் ஏமாற்ற முடியாது. அவர் 'இது நம்ம கலர் இல்லையே' என்றால் அந்த வீடியோவைப் போடாதீர்கள்.

போனை எப்போதும் நிமிர்த்திப் பிடித்து, 9:16 அளவில் எடுங்கள். திரையின் கீழ்ப்பகுதியும் வலது ஓரமும் பட்டன்களாலும் பெயராலும் மறைந்துவிடும். உங்கள் ரீல்களில் நீங்கள் போட்ட எழுத்து இருந்தது அந்த மறைவிடத்தில்தான். எழுத்தை நடுவில் இருந்து சற்று மேலே வையுங்கள். பஸ்ஸிலும் அலுவலகத்திலும் சத்தம் இல்லாமல் பார்ப்பவர்கள் ஏராளம், அதனால் அத்தை பேசுவதைத் திரையில் எழுத்தாகவும் போடுங்கள். தானாக வரும் தமிழ் எழுத்தை நம்பாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

பாட்டு விஷயம். உங்களுடையது பிசினஸ் கணக்கு என்றால், சினிமாப் பாட்டு பலவும் உங்களுக்குத் திறக்காது. அந்தக் கணக்குகளுக்குக் கிடைக்கும் இசைப் பட்டியல் சிறியது. வேறு வழியில் சேர்த்தால் உரிமை உள்ளவர்கள் கேட்கும்போது வீடியோவின் ஒலி அணைக்கப்படலாம். வியாபாரத்துக்கு இன்னொருவர் பாட்டை அனுமதியில்லாமல் எடுப்பது சரியும் இல்லை. உரிமைக் கட்டணம் இல்லாத இசையை இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவே சவுண்ட் கலெக்‌ஷன் என்ற பெயரில் தருகிறது. ஆனால் உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது. அத்தையின் மதுரைப் பேச்சைவிட நல்ல ஒலி உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கம்பி உள்ள இயர்போனின் மைக்கை அவர் சேலைத் தலைப்பில் ஊக்கு வைத்துக் குத்திப் பதிவு செய்யுங்கள். எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது கேள்வி கேளுங்கள், பதிலில் இருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து முகம். காட்டவே வேண்டியதில்லை. நான் வீட்டாரைச் சமாளிப்பதற்காக இதைச் சொல்லவில்லை, உங்கள் தொழிலுக்கு அதுதான் பொருத்தம். கையும் குரலும் இருந்தால் போதும். அந்த விரல்களைப் பார்த்தே மக்கள் உங்கள் பக்கத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் முடிச்சுப் போடும் பெண்களிடம் வீடியோ எடுக்கச் சம்மதம் வாங்கினீர்களா? கை மட்டும் தெரிந்தாலும், குரல் மட்டும் கேட்டாலும் வாங்குங்கள். எடுத்ததை அவர்களிடம் முதலில் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அழித்துவிடுங்கள். அவர்கள் விரும்பினால் பெயரைச் சொல்லுங்கள், விரும்பாவிட்டால் சொல்லாதீர்கள். வீடியோவால் சேலைக்கு விலை ஏறினால் முடிச்சுக்கான கூலியும் ஏற வேண்டும். உழைப்பைக் காட்டி விற்கிறோம் என்றால் உழைத்தவருக்கு அதில் பங்கு இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அவிழ்க்கும் காட்சியைத் தினமும் போட்டால் அதுவும் சலிக்கும். அதனால் கூடவே இன்னொரு வகையையும் செய்யுங்கள்: வாங்குபவருக்குப் பயன்படும் தகவல். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி அச்சுப் போட்டது. கை முடிச்சை எப்படி அடையாளம் காண்பது? புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, வட்டத்தின் ஓரம் சீராக இருக்காது, சிலவற்றின் நடுவே சாயம் ஒரு துளி ஏறியிருக்கும், புதுச் சேலையில் புள்ளி இருக்கும் இடம் லேசாகச் சுருங்கித் தூக்கியிருக்கும். இரண்டு துணிகளையும் அருகருகே வைத்து நெருக்கமாகக் காட்டினால், சேலை வாங்க நினைக்கும் எவரும் சேமித்து வைத்துக்கொள்வார், அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்புவார். அச்சுச் சேலை விற்பவரைத் திட்ட வேண்டாம், எந்தக் கடையின் பெயரும் வேண்டாம். அதுவும் ஒருவர் பிழைப்பு. வித்தியாசத்தை மட்டும் காட்டுங்கள். முதல் தடவை எப்படித் துவைப்பது, சாயம் எவ்வளவு போகும், கஞ்சி போடலாமா என்பவையும் இந்த வகைதான். சாயம் முதல் துவையலில் கொஞ்சம் போகும் என்றால் அதையும் மறைக்காமல் வாளித் தண்ணீரோடு காட்டுங்கள். அந்த ஒரு வீடியோ பல சண்டைகளைத் தவிர்க்கும்.

தினமும் ஒன்று போட வேண்டிய கட்டாயம் இல்லை. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ போதும், ஆனால் நின்றுவிடாமல் போடுங்கள். ஒரு சேலை முடிச்சில் தொடங்கி விரியும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் பத்து நொடி எடுத்து வைத்துக்கொண்டால் அதிலிருந்தே நான்கைந்து வீடியோ வரும். பங்குனி வெயில் ஏறும்போது ஊரே பருத்தியைத் தேடும். சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய மாதம் உங்கள் பக்கம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கான காட்சிகளை மாசியிலேயே எடுத்துவிடுங்கள்.

விலையைச் சொல்லுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க' என்று நீங்கள் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டே நிறையப் பேர் போய்விடுவார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் விலை கேட்டதும் பதில் சொல்ல மாட்டார்கள், உங்கள் நேரமும் வீண். முடிச்சுப் போடுவதைக் காட்டிவிட்டு விலையைச் சொன்னால், அது ஏன் அந்த விலை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது அந்த 2 லட்சம். இன்ஸ்டாகிராம் ஒரு ரீலை முதலில் சிறு கூட்டத்துக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தால் வட்டத்தைப் பெரிதாக்கும். தம்பியின் ஆட்டத்தைச் சிரிப்பு வீடியோ விரும்புபவர்கள் பார்த்தார்கள், சிலர் ஃபாலோ செய்தார்கள். அடுத்த நாள் சேலையைக் காட்டியதும் அவர்களே தள்ளிவிட்டுப் போனார்கள். உங்கள் பக்கத்தை ஃபாலோ செய்பவர்களே பார்க்கவில்லை என்றால் அது வெளியே எப்படிப் பரவும்? அந்த வீடியோவை அழிக்க வேண்டாம், தம்பிக்கு ஆட விருப்பம் இருந்தால் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளட்டும். சேலைப் பக்கத்தில் சேலை. சில வாரங்கள் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

எந்த எண்ணைப் பார்ப்பது என்பதிலும் மாற வேண்டும். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் லைக் செய்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள், இந்த மூன்றும் முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார். புதியவர்களைச் சென்றடைய, அனுப்புவது கூடுதலாக உதவும் என்றும் சொன்னார். பக்கத்தின் புள்ளிவிவரங்களைக் காட்டும் இன்சைட்ஸ் பகுதியில் எந்த நொடியில் ஆட்கள் போகிறார்கள் என்ற கோடு வரும். நான்காவது நொடியில் சரிந்தால் மூன்றாவது நொடியில் என்ன இருந்தது என்று பாருங்கள், அடுத்த வீடியோவில் அதை எடுத்துவிடுங்கள். இதையெல்லாம்விட எனக்கு முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. எந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் வந்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். 900 பேர் பார்த்து நான்கு பேர் வாங்கினால் உங்களுக்கு அதுதான் ஓடிய வீடியோ.

அதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸிலும் போடுங்கள். 'சுங்குடி எப்படிச் செய்வது' என்று தேடுபவர்கள் அங்கே பல மாதம் கழித்தும் வருவார்கள். ஆனால் இன்ஸ்டாகிராம் முத்திரை இல்லாத மூலப் படத்தைப் போடுங்கள். அங்கே எண்ணிக்கை அதிகமாகத் தெரிந்தால் உடனே மகிழ வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்கிடுகிறார்கள்.

மாதம் 8,000 ரூபாய் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் கொண்டுவரும் கணக்குகள் சேலை வாங்காது, வீடியோவும் பார்க்காது. தம்பியின் வீடியோவால் வந்த அதே சிக்கல் காசு கொடுத்து இன்னும் பெரிதாகும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முடிச்சுப் போடும் பெண்களுக்கு, எடுக்கும் நாளில் தாமதமாகும் நேரத்துக்கான கூலியாகக் கொடுங்கள். நன்றாகப் போன ஒரு வீடியோவுக்கு, ஏற்கெனவே ஆர்டர் வந்திருந்தால் மட்டும், சிறு தொகை போட்டு விளம்பரமாக ஓட்டிப் பாருங்கள்.

வாடிக்கையாளர்களை இன்ஸ்டாகிராமை மட்டும் நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள். 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு அரசு தடை போட்டபோது, அங்கே லட்சக்கணக்கில் ஃபாலோயர்களைச் சேர்த்தவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தார்கள். இன்ஸ்டாகிராம் சில நாட்களிலேயே ரீல்ஸையும், யூடியூப் அந்த செப்டம்பரில் ஷார்ட்ஸையும் இந்தியாவில் திறந்தன; ஆனால் பழைய கூட்டம் யாரோடும் கூடவே வரவில்லை. உங்கள் ஆர்டர் நோட்டில் இருக்கும் எண்களை எடுத்து, புதுச் சேலை வரும்போது படம் அனுப்பலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சரி என்றவர்களை மட்டும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் சேருங்கள். அவர்கள் உங்கள் எண்ணைப் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போகும் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிச்சு அவிழும் முதல் வீடியோவை, எங்கும் போடுவதற்கு முன்னால், அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.